சோற்றுக்குப் பயந்த வருடம்

என் கணவர் சோற்றைக் கண்டு பயப்படத் தொடங்கியது எண்பதுகளின் ஆரம்பத்தில். சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸ் வேலை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி பிடிக்கும், சுருண்டு படுத்துவிடுவார். பட்டினி கிடந்தால் வலி கிடையாது. அதனால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்து போனார். அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். கோயில் புற்றுமண்ணையும் கரைத்துக் குடித்தார். பீடியை மட்டும் விடவில்லை.

நான் சமைத்ததைத் தின்றால் வலி, தின்னாவிட்டால் சுகம். மாமியாருக்கு இது போதாதா? "எம்புள்ளய மடக்கிப் போட மருந்து வச்சிருக்கா, பாத்துக்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே. பனவடலிசத்திரம் பக்கம் அப்படி வைத்த மருந்தை எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். மாமியார் எங்களை அங்கே கூட்டிப்போனார். அந்த ஆள் என் கணவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, மயிரும் பச்சிலையுமாக ஓர் உருண்டையை வாழையிலையில் துப்பிக் காட்டினார். என் கணவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து அடுப்படி மாமியார் கைக்குப் போனது. அவர் ஆக்கிப் போட்டும் வலித்தது. பெற்றவள் சமையல் என்று வயிற்றுக்குத் தெரியவில்லை போலும். "பழைய மருந்து இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

ஆளே போய்விடுவார் என்று பயந்து, நானே பிடிவாதம் பிடித்துத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாமியாரும் வந்தார்.

"பசிக்கலையா, இல்ல சாப்பிடப் பயமா?" என்று டாக்டர் கேட்டார்.

"பயம்தான் சார்."

ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே உஸ் உஸ் என்று ஓர் இரைச்சல் இருக்கிறதாம். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து வருகிறது என்றார். சாப்பிட்டதும் குடல் கூடுதல் ரத்தம் கேட்கும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏது? அந்தத் தவிப்புதான் வலி. முழுக்க அடைத்தால் குடல் அழுகி உயிர் போய்விடும்.

அவர் அனுப்பிய மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் நூலாக இளைத்திருந்தது. காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி வேறு வழி போட்டுத் தைத்தார்கள். இனி பீடியைத் தொடவே கூடாது என்றார்கள்.

இட்லி கொடுக்கலாம் என்று சொன்ன அன்று நான்தான் அவித்துக்கொண்டு போனேன். டாக்டர் அத்தனை விளக்கியும், மாமியார் ஓர் ஓரம் பிய்த்துத் தின்று பார்த்துவிட்டுத்தான் மகனிடம் தட்டைக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் சாப்பிட்டார். மூன்று பேரும் வலிக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. இவர் இன்னொரு இட்லி கேட்டார்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கே அந்த மருந்த எடுத்தது நல்லதாப் போச்சு மக்கா."

"எம்மா, அவ ஒண்ணும் வைக்கல."

இந்த வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வராந்தாவுக்குப் போய் நின்று அழுதேன். இதைச் சொல்ல இவருக்கு முதலில் வலி நிற்க வேண்டியிருந்தது.