அமராவதியின் பாம்புக் காது

ஒத்திகை சூடு பிடித்ததும் அமராவதி எழுந்து வயலின் வரிசையை ஒட்டி நடக்கத் தொடங்குவார். இடது கட்டைவிரல் நகத்தில் ஐந்தாறு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். பனியன் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் ஆகியவற்றைக் காட்ட ஒட்டுகிற அதே ஸ்டிக்கர்தான். தப்பாக வாசித்த பிள்ளையின் இசைக்குறிப்புத் தாளில் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார். எந்த இடத்தில் தப்பு என்று சொல்லமாட்டார். அது பிள்ளைக்கே தெரியும். முகம் வாடினால் மட்டும், "ரிஜெக்ட் இல்ல கண்ணு, ஆல்டர்தான்" என்பார். கழித்துப் போடுவதற்கில்லை, சரிசெய்தால் போதும் என்பதற்குக் கம்பெனி பாஷை அது.

திருப்பூர் வட்டார மாணவர் இசைக்குழுவில் பதினொரு பள்ளிப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். முதலிபாளையத்தில் கிட்டுசாமி முதலாளியின் கம்பெனி மூன்றாம் மாடியில், பேக்கிங் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, ஞாயிறுதோறும் ஒத்திகை நடக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அதே கட்டடத்தில் செக்கிங் மேஜை முன்னால் நிற்கிற அமராவதியை, ஏழாம் நாள் கதவைத் திறந்து நாற்காலி போடத்தான் அமர்த்தினார்கள். இரண்டாவது மாதமே அவர் ஸ்டிக்கரைக் கையில் எடுத்துவிட்டார். குழுவை நடத்தும் பாண்டித்துரை மாஸ்டர் தேனிக்காரர், கொஞ்சம் முன்கோபி. முதலில் முறைத்தார். ஒட்டிய இடமெல்லாம் சரியாக இருக்கவே அடங்கிப்போனார். "ஏம்ப்பா, என் காதுக்குத் தப்பிச்சாலும் அக்கா காதுக்குத் தப்பிக்க மாட்டீங்க, பாத்துக்கங்க" என்று பிள்ளைகளை மிரட்டுவதற்கும் அவரையே பயன்படுத்திக்கொண்டார். பிள்ளைகள் வைத்த பெயர் பாம்புக் காது.

அமராவதிக்குக் காது கேட்காது. சாமளாபுரத்தில் பத்தொன்பது வருடம் விசைத்தறி ஓட்டியதில் இரண்டும் போய்விட்டன. தறிச் சத்தத்தில் எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்பதால் போனது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. பன்னிரண்டு வயலின் வில்களும் மேலே போகும்போது ஒன்று மட்டும் கீழே வந்தால் அது டேமேஜ். இதற்குக் காது எதற்கு? ஆனால் வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், மாடிச் சாவி வேறு ஆளிடம் போய்விடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் அவர் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறார்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். போன வருட விழாவில், பாட்டின் நடுவே எல்லா வில்களும் சற்று நின்றன. முடிந்துவிட்டது என்று நினைத்து அமராவதி ஓங்கிக் கைதட்டினார். அரங்கமே சேர்ந்து தட்டியது. மிச்சப் பாட்டை யாரும் கேட்கவில்லை. "ரொம்ப நீளமா இருக்குன்னு அக்கா சொல்லிட்டாங்க" என்று மாஸ்டர் அதன் பிறகு பாட்டையே குறைத்துவிட்டார். அன்றிலிருந்து கச்சேரி என்றால் அமராவதி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

இந்த வருடம் கோவைக் கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் கண்ணில் ஒன்று பட்டது. வில்லில் ரோசின் என்று ஒரு கட்டியைத் தேய்ப்பார்கள். வாசிக்க வாசிக்க அது வெள்ளைப் பொடியாகத் தந்திகளுக்குக் கீழே உதிரும். மூன்றாவது நாற்காலி வர்ஷினியின் வயலினில் மட்டும் பொடியே இல்லை. வில் எல்லாரோடும் சரியாகத்தான் போய் வந்தது; தந்தியைத் தொடவில்லை, அவ்வளவுதான். ஒரு நூல் உயரத்தில் வில்லைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் ஓட்டுவது வாசிப்பதைவிடக் கஷ்டமான வேலை. சத்தமே வராததால் மாஸ்டருக்கும் தப்பு தெரியவில்லை. வர்ஷினி, கிட்டுசாமி முதலாளியின் மகள் வயிற்றுப் பேத்தி. ஸ்டிக்கர் அமராவதியின் நகத்திலேயே நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் கீழே இறங்கிய பிறகு அவளைப் பிடித்தார்.

"ஏங்கண்ணு, உன்றதுல பொடியே உழுகலியே?"

வர்ஷினி வில்லை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "தப்பா வந்தா உங்களுக்குக் கேட்டுருமுங்களே அக்கா. ரெண்டு வாரம் தொடர்ந்து ஒட்டுனீங்க. அதுக்கப்புறம் பயமாப் போச்சுங்க."

தன் பாம்புக் காதுதான் இந்தப் பிள்ளையின் வயலினை ஊமையாக்கியது என்று அமராவதிக்கு அப்போதுதான் புரிந்தது. படியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் காதே கேக்காது கண்ணு."

"சும்மா சொல்றீங்க."

"நெசமாலுமே. வில்லப் பாத்துத்தான் ஒட்டறேன்."

வர்ஷினி எளிதில் நம்புகிற ஆள் இல்லை. அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, "அக்கா, உங்க சேலைல பல்லிங்க!" என்று கத்திப் பார்த்தாள். அமராவதி அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் முன்னால் வந்து உட்கார்ந்து வில்லைத் தந்தியில் வைத்தாள். எப்படி வாசித்தாள் என்று அமராவதியைக் கேட்டுப் பயனில்லை. கீழே இருந்து வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பொடி மட்டும் நன்றாக உதிர்ந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று கேட்க அமராவதிக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஸ்டிக்கர் வர்ஷினிக்குத்தான் விழுந்தது, இளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆனாலும் சின்னப் பிள்ளை, வீட்டில் என்ன உளறுவாளோ? முதலாளியின் கார் உள்ளே வரும்போதெல்லாம் அமராவதி மாடிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோவை அரங்கத்தில் முதலாளி அவரை முதல் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பேத்தி சொல்லித்தான் கூப்பிட்டாரா, சந்தேகப்பட்டுக் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. அமராவதி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தார். பாட்டு தொடங்கியது. முதலாளி அவர் பக்கம் திரும்பி, "எம் பேத்தி வாசிக்கறது தனியாத் தெரியுதா அமராவதி?" என்றார்.

"நல்லாத் தெரியுதுங்க."

பொய் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் அந்த வயலினிலிருந்து பொடி பறப்பது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

திடீரென்று பன்னிரண்டு வில்களும் நின்றன. எத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் அமராவதியின் கைகள் வெளியே வந்துவிட்டன. அவர் தட்டினால் தானும் தட்டலாம் என்று முதலாளியும் கையைத் தூக்கினார். மேடையில் மூன்றாவது நாற்காலியில் வர்ஷினி தாளைப் பார்க்கவில்லை, மாஸ்டரையும் பார்க்கவில்லை. அமராவதியை நேராகப் பார்த்து, தலையை லேசாக இல்லை என்று அசைத்தாள். கைகள் மடிக்கு இறங்கின. முதலாளியின் கைகளும் இறங்கின.

வில்கள் மறுபடி புறப்பட்டு, நெடுநேரம் போய் வந்து, மறுபடி நின்றன. அமராவதி மூன்றாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். வர்ஷினி வயலினைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, அவரைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினாள். அந்த அரங்கத்தில் முதலில் கைதட்டியது அமராவதிதான்.