ஆஸ்பத்திரி போட்ட ரெண்டரை இஞ்ச்

போன ஞாயிறு வெள்ளிமலையில் ஒரு கபடி மேட்ச். கடைசியில் அங்கே நடந்த தகராறு எதற்குத் தெரியுமா? ஒரு மனிதரின் கால் செல்லுமா, செல்லாதா என்று!

கால், சகாயராஜுடையது. கள்ளக்குறிச்சியில் என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் டீமின் ரைடர். எதிரணி கைகோத்து மறித்தால், கைகளுக்கு அடியில் புகுந்து ஓடி வந்துவிடுவார். உயரம் அப்படி.

பெண் பார்க்கப் போன இடத்தில் அப்படிப் புகுந்து வர முடியுமா? உளுந்தூர்பேட்டையில் சொன்னார்களாம்: "பையன் தங்கம்ங்க. கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

மனிதர் நேராக உயரம் கூட்டும் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டார். கால் எலும்பை வெட்டி, வெளியே கம்பி வளையம் மாட்டி, திருகாணியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி... எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. ரெண்டரை இஞ்ச் கிடைத்தது. திருக்கோவிலூரில் பெண்ணும் கிடைத்தது. ஓட்டம்தான் போய்விட்டது.

முதலில் வாக்கர். அப்புறம் குதிகால் தரையில் படாத ஒரு நடை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வாசற்படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டு நிற்பார், போகிறவர் வருகிறவர் எல்லாம் "யாருக்கு வெய்ட்டிங்?" என்பார்கள். ஒருவழியாக டாக்டர் "விளையாடலாம்" என்றார். ஆனால் உடம்பு இன்னும் பழைய உயரத்தை நம்பிக்கொண்டிருந்தது. கைகளுக்கு அடியில் புகுந்தால் நெற்றி போய் முழங்கையில் இடிக்கும். கபடி இல்லாமல் மனிதர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

கேப்டன் முருகேசன் கறார். "வெள்ளிமலையில ஒரே ஒரு சான்ஸு தரேன். பாயிண்ட் வரலன்னா, இனிமே நீ ஸ்கோர் எழுதிக்கினு குந்து."

கடைசி ரைடு. எங்களுக்கு ஒரு பாயிண்ட் கம்மி. சகாயராஜ் போனார். ஒருவரைத் தொட்டார். திரும்பினார். பழைய வேகம்? ம்ஹும்! இன்னொருவர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டார். குப்புற விழுந்தவர் கையை நீட்டினார்... விரல் நுனி நடுக்கோட்டில்! தொடப்பட்டவர், பிடித்தவர் — ரெண்டு பேரும் அவுட். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மலை டீம் கேப்டன் குதித்தார். "செல்லாதுங்க! பழைய காலா இருந்தா கோடு எட்டியே இருக்காது. இது ஆஸ்பத்திரில போட்ட ரெண்டரை இஞ்ச்!"

அம்பயர் குனிந்து காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "எல்லாம் அவரு காலுதாம்பா. வேற யாருதாவது வாங்கிக்கினா வந்தாரு? பாயிண்ட் செல்லும், போங்க."

முருகேசன் ஓடிவந்தார். "ஸ்கோர் எழுத வேற ஆளு பாத்துக்கறேன். எந்திரிடா!"

சகாயராஜ் அழுதபடியே சிரித்தார். "இருண்ணே. நிக்கறதுக்குப் போட்டது, வுழுந்தாதான் வேல செய்யுது. கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கினு இருக்கேன்."

உளுந்தூர்பேட்டைக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள் — ஜெயித்தபோது எங்கள் ஆள் நின்றுகொண்டிருக்கவில்லை.