எனக்குத் தராத பொட்டலம்

காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து, கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி, வெளியூர்த் தெருக்களில் கூவி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒரே பெட்டியில்தான் போவோம். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. என் மகன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறான்.

போன வருஷம் ஒருத்தன் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டான். “அம்மா, அம்மா” என்று கூடையை இறக்கிவிடுவான். முட்டி வலிக்குத் தைலம் வாங்கித் தந்தான், புது செல்போன் தந்தான், செலவுக்குக் காசும் தந்தான். நான் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருக்கும்போது அவள் பாதி மீனோடு வீடு திரும்பி, கவலையில்லாமல் படுத்திருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும்தானே முட்டி வலிக்கிறது?

இதெல்லாம் எதற்குத் தருகிறான் என்று கேட்டதற்கு, “ஒரு பொட்டலம் குடுப்பான்க்கா, நாட்டு மருந்து. மீனுக்கு அடியில வச்சு எடுத்துனு போயி குடுத்தா போதுமாம்” என்றாள்.

மீன்கூடை என்றால் போலீஸ்காரர்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளித்தான் நிற்பார். மருந்தை ஏன் மீனுக்கு அடியில் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் கூடைதானே சுமக்கிறேன், என்னை ஏன் கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

யாரிடமும் முகம் பார்த்துப் பேசாத நான், ஒருநாள் அவனை வழிமறித்துக் கேட்டேன்.

“நைனா, எனுக்கும் ஒரு பொட்டலம் குடேன்.”

மேலும் கீழும் பார்த்தான். “வூட்ல யாரு கீறாங்கோ ஆயா?”

“மவன் கீறான். டெய்லி வருவான்.”

“அப்போ உனுக்கு வாணாம். போ ஆயா.”

அவள் அம்மா, நான் ஆயாவா? அதையே மென்றுகொண்டு வந்து, கூடை கழுவிக்கொண்டிருந்தவளிடம் கொட்டினேன்.

“உன் புள்ள என்னை வாணான்ட்டான்டி. எனுக்கு மவன் கீறானாம், அதான் குத்தமாம். நல்லா கீது நாயம்!”

அவள் கை நின்றது. “நீ போயி கேட்டியா? லூசாக்கா நீ?” என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

ஒரு பொட்டலம் கிழிந்தபோதுதான் உள்ளே கஞ்சா என்று அவளுக்குத் தெரிந்ததாம். இனிமேல் தூக்கமாட்டேன் என்றிருக்கிறாள். முதியோர் பணம் வாங்கித் தருவதாக அவன் வாங்கிப்போன ஆதார் அட்டை அவனிடமே இருந்தது. ‘மாட்னா உன் பேர்லதான் கேசு. உனுக்குனு எவன் வருவான்?’ என்றானாம்.

“கேக்க ஆளில்லாதவளாப் பாத்துதான்க்கா அம்மான்றான்.”

இதற்கா பொறாமைப்பட்டேன் என்று இருந்தது. ஆனாலும் அந்த ‘அம்மா’ உள்ளே உறுத்தத்தான் செய்தது.

“போலீஸ் ஸ்டேசனுக்குப் போலாம் வா” என்றேன்.

“என்னைத்தான் புடிச்சி உள்ள போடுவாங்கோ.”

“நீ சும்மா இரு. நான் பேசறேன்.”

பேசுகிறேன் என்று போன எனக்கு அங்கே குரலே வரவில்லை. பெண் போலீஸ் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, “பயப்படாம சொல்லுங்கம்மா” என்றாள். ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டேன். இனி பொட்டலத்தைத் தொடக்கூடாது, அவனிடம் சண்டை போடக்கூடாது, செல்போனில் வந்த எதையும் அழிக்கக்கூடாது என்றாள். எங்கே தருவான், யார் வாங்குவார்கள், என்ன வண்டி, தெரிந்தது மட்டும் போதும் என்றாள். மிரட்டித்தான் தூக்கவைத்தார்கள் என்பதைப் புகாரில் முதலிலேயே எழுதச் சொன்னாள். வக்கீலுக்குக் காசில்லாவிட்டால் இலவச சட்ட உதவி இருக்கிறதாம். நேரில் வரப் பயப்படுகிறவர்கள் பேர் சொல்லாமல் போனிலும் சொல்லலாமாம்.

அவனும் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். அவளைச் சாட்சியாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். அட்டையும் திரும்ப வந்துவிட்டது.

இப்போது ரயிலில் மீன்காரிகள் எல்லாம் அவளைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். “எப்டிக்கா தைரியமா போயி சொன்ன?” என்று கேட்கிறார்கள். அவளும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். பேசினது நான் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நானாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.