மச்சானின் நான்கு நிமிடம்

கண்ணாடிக்காரர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மவுஸை மயிரிழை நகர்த்துவார். திரையில் ஒரு டிரம் அடி, தாளக் கோட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் போகும். கேட்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி முன்னால் இழுப்பார். ஓர் அடிக்கு அரை மணி நேரம். அந்த நான்கு நிமிட வாசிப்பில் தொள்ளாயிரத்துச் சொச்சம் அடிகள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர் என்பதால் எங்கள் குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர். வேலை விட்டு வந்தால் படுக்கையறைதான் ஸ்டூடியோ. எதிரொலி அடங்க பீரோ கதவுகளை விரியத் திறந்து வைப்பார், ஜன்னலில் மெத்தையைச் சாய்ப்பார். "சொந்தக் கட்டில்ல படுக்கவே டோக்கன் வாங்கணும் போல" என்று அவர் மனைவி என்னிடம் அலுத்துக்கொண்டதுண்டு.

சுத்தம் என்று வந்துவிட்டால் மனிதர் பேய். "சின்ன டிரம் மைக்குல பக்கத்து வெண்கலத் தட்டு சத்தம் கேக்கவே கூடாது சார். அவனவன் அவனவன் எடத்துல இருக்கணும்" என்பார்.

அந்தச் சுத்தம்தான் வினையாகப் போனது. இரண்டரை வருடம் முன்பு மனைவியின் அண்ணன் இதே அறையில், ஆறு மைக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து நான்கு நிமிடம் டிரம்ஸ் வாசித்தார். அவர் கை கொஞ்சம் இழுவை; அடி தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் விழும். அதுதான் அழகு என்று கூட வாசித்தவர்கள் சொல்வார்களாம். இவர் மைக்குக்கு மைக் கசிந்த சத்தத்தை வெட்டினார். ஒவ்வோர் அடியையும் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறமும் மனசு ஆறாமல், மச்சானின் டிரம் சத்தத்தையே எடுத்துவிட்டு, விலைக்கு வாங்கிய பளபளப்பான சத்தத்தை அடிக்கு அடி பொருத்தினார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கடைசியில் அசல் பதிவையும் அழித்தார்.

ஆறே மாதத்தில் மச்சானுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. மேடையில் வாசித்ததை யாராவது போனில் பிடித்திருப்பார்களா என்று இவர் பழைய சகாக்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். கிடைத்ததெல்லாம் கைதட்டல் சத்தம்தான்.

"அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சேன் சார். அவரையே தொடச்சிட்டேன்" என்று ஒருநாள் மாடிப்படியில் நின்று சொன்னார். அதன்பிறகுதான் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இழுவையை அடி அடியாகத் திரும்பக் கொண்டுவர உட்கார்ந்தார். ஒன்றரை வருடம் ஆயிற்று.

போன ஞாயிறு மச்சான் வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினார் கண்ணாடிக்காரர். நான்கு நிமிடமும் அவர் கண் மச்சானின் முகத்தை விட்டு நகரவில்லை. முடிந்ததும் மச்சான் இடது கையால் அவர் தோளைத் தட்டினார்.

"நல்லா வாசிச்சிருக்கான் மாப்ள. யாரு அந்தப் பையன்?"

கண்ணாடிக்காரர் ஹெட்போனை மெல்லக் கழற்றி, அது அழுத்திக் கலைந்திருந்த மச்சானின் முடியைக் கையால் கோதி ஒதுக்கிவிட்டார்.