குரல் போன கிழமை

எனக்குக் கண்ணில் நடுப்பார்வை இல்லை. ஒருவரை நேரே பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமும் நிறமும் உண்டு. பதினான்கு வயதில் தொடங்கிய விழித்திரை நோய். ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் முதுகுவலிக்காரருக்கும் முழங்கால்வலிக்காரருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பது என் வேலை. மாரிக் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் போட்டிகளில் ஓடுகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "தனியவோ?" என்று கேட்பார்கள்.

தனிய இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தி போவாள். தெற்கே ஒரு சிறிய ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஜெர்மன்காரி; எங்கள் பேச்சு ஜெர்மனில்தான். செம்மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு நாலைந்து மீற்றர் முன்னே சறுக்கியபடி, எங்கே திரும்பவேண்டும், எங்கே ஐஸ், எங்கே மேடு என்று சொல்லிக்கொண்டே போவாள். அது அவளுடைய ஒலிவாங்கி வழியாக என் ஹெல்மெட்டுக்குள் கேட்கும். அந்தச் செம்மஞ்சளும் அந்தக் குரலும்தான் எனக்கு மலை. ஆறு வருடமாக அவள்தான் என் வழிகாட்டி. ஒவ்வொரு மாரியிலும் பட்டறையைப் பூட்டிவிட்டு எனக்காக மலைக்கு வருவாள்.

போன ஜனவரியில் எங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி; அந்தக் கிழமையில் திங்கள் நல்ல வெயில். செவ்வாய் பனிப்புகாரும் காற்றுமாக விடிந்தது. அவளுடைய மேலாடைகூட எனக்குத் தெரியவில்லை.

"சத்தமாச் சொல்லு, காத்திலை ஒண்டும் கேக்குதில்லை" என்றேன்.

அவள் கத்தினாள். ஒன்பது தரம் மேலே போய் ஒன்பது தரமும் கத்திக்கொண்டே இறங்கினாள். எனக்கு அன்று கடிகாரத்தில் நல்ல நேரம் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் இருமியதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

புதன் காலை அவள் வாயைத் திறந்தாள்; காற்று மட்டும் வந்தது. தன் கைபேசியில் எழுதி, அதை எனக்கு வாசிக்க வைத்தாள். "குரல் போய்விட்டது. மன்னித்துக்கொள்" என்று ஒரு இயந்திரப் பெண் சொன்னாள்.

நான் மன்னிக்கவில்லை. போட்டிக்கு மூன்றே கிழமை இருந்தது. "உடம்பைக் கொஞ்சம் பாத்திருக்கலாம்தானே. நான் இதுக்காக எவ்வளவு தூரம் வந்தனான்" என்று சொன்னேன்.

அன்று பயிற்சியாளரே எனக்கு முன்னால் போனார். முப்பது வருடம் பனியில் நின்ற மனுசன். ஆனால் அவருடைய "இப்ப!" எனக்கு அரை விநாடி பிந்தி வந்தது. பாதையில் சுற்றித் திரும்பவேண்டிய நாலாவது கம்பத்தில் நான் நேரே போய் மோதி, ஸ்கீ இரண்டும் கழன்று, ஓரத்துப் பாதுகாப்பு வலைக்குள் கிடந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் எனக்குப் பல வருடமாக வந்ததில்லை.

திரும்ப மேலே போகும் தொங்கு நாற்காலியில் பயிற்சியாளர் சொன்னார்: "அவளுக்கு நேற்று விடியவே தொண்டை நோ. என்னட்டைச் சொன்னவள். நிப்பாட்டு எண்டு நான் சொல்லியும் கேக்கேல்லை. உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவள். சொன்னா நீ ஓடமாட்டாயாம்."

காலுக்குக் கீழே காற்று மட்டும் இருக்கும் அந்த இடத்தில் எனக்கு எழும்பிப் போகவும் இடமில்லை, முகத்தை மறைக்கவும் வழியில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

பின்னேரம் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். நான் விழுந்ததைச் சொல்லவில்லை, அவளுடைய தொண்டையைப் பற்றி மட்டும் சொன்னேன். "மல்லியும் வேர்க்கொம்பும் உன்ரை பையிலை வைச்சுவிட்டனான். அவிச்சுக் குடு பிள்ளை. சுடச்சுடக் குடிக்கச் சொல்லு."

"ஓம் அம்மா. ஓம். ஓம், வைக்கிறன்."

விடுதிக் குசினியில் கேட்டு, மல்லியையும் சுக்கையும் அவித்து, அவளுடைய அறைக்குக் கொண்டுபோனேன். "காலமை நான் கதைச்சது பிழை. எனக்காகத்தான் கத்தினாய் எண்டு தெரியாது" என்றேன். அவள் ஒரு மிடறு குடித்தாள். கைபேசி வாசித்தது: "மரத்தூளைக் கரைத்த மாதிரி இருக்கிறது. இன்னும் இருக்கிறதா?" இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய சிரிப்பிலும் சத்தம் இல்லை, கட்டில் ஆடியதால்தான் தெரிந்தது.

வியாழன் அவளுக்கு டொக்டரைச் சந்திக்க டெர்மின், ஒரு நேரம், கிடைத்தது. ஒரு கிழமைக்குப் பேசவேண்டாம், குசுகுசுக்கவும் வேண்டாம் என்றாராம். மெல்ல முனகினால் பாதகமில்லையாம். அன்று பின்னேரம் அவள் எழுதினாள்: "நீ அம்மாவோடு கதைக்கும்போது ஒரு சொல் சொல்லுவாய். நூறு தரம் சொல்லுவாய். அதை வாயை மூடிக்கொண்டே சொல்லலாம்."

'ஓம்' என்று மெல்ல முனகிக் காட்டினாள். ஆறு வருடமாக அந்த ஒரு சொல்லை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஆமாம்' என்று விளங்கப்படுத்தினேன். "இன்னும் நல்லது" என்று எழுதினாள்.

அந்த ஒரு சொல்லால் வழிகாட்டப் பயிற்சியாளர் முதலில் சம்மதிக்கவில்லை. வெள்ளி காலை, வானம் வெளித்திருந்தபடியால், அகலமான சின்னச் சரிவில் மட்டும் விட்டார். நீளமான ஓம் என்றால் இடது, குறுகிய ஓம் என்றால் வலது. மற்ற நேரம் ஒன்றுமில்லை. அவளுடைய மூச்சு மட்டும். முதல் இரண்டு தரமும் நான் கட்டையாய் நின்றேன். மூன்றாம் தரம், அவள் சொல்லாத இடங்களில் என் பாதங்கள் சொல்லத் தொடங்கின. ஐஸ் வந்ததை ஸ்கீயின் விளிம்பு கரகரத்துச் சொன்னது. மேடு வந்ததை முழங்கால் அறிந்தது. இவ்வளவு காலமும் இதையும் அவளே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு பயிற்சியாளர் கம்பங்களைத் தள்ளித்தள்ளி நட்டுத் தந்தார். ஒருதரம் மட்டும், என்றார். நாலாவது கம்பம் வந்தது. குறுகிய ஓம் சரியான நேரத்தில் வந்தது. திரும்பினேன். கீழே வந்து நின்றபோது நேரம் செவ்வாயைவிட எவ்வளவோ மோசம். பயிற்சியாளர் அதை வாசித்துவிட்டு, "பரவாயில்லை, இண்டைக்கு நீ சறுக்கினாய். செவ்வாய் அவள் உன்னை இழுத்துக்கொண்டு வந்தவள்" என்றார். அவள் தன் கையுறையால் என் ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு போட்டி. அவளுக்குக் குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. ஆனாலும் வழமையில் பாதியளவுதான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டபடி. எங்கள் பிரிவில் நாலு பேர். நாங்கள் மூன்றாவதாக வந்தோம். ஒரே ஒரு சின்னக் கிண்ணம் தந்தார்கள். அதை அவளே கொண்டுபோகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இப்போது அது பட்டறையில் அவளுடைய வேலைமேசையில், பென்சில்களும் ஒரு சின்ன உளியும் போட்டபடி இருக்கிறதாம்.