சம்பந்தி வாங்கிய ரப்பர் பிடிகள்

எனக்குக் கோல்ஃப் மேல் எந்த ஆசையும் கிடையாது. அறுபதைத் தாண்டி, முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையுமாகக் காலம் தள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து ஊருக்கு வெளியே போய்ப் புல்தரையில் நின்று ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுவானா? நான் போனது என் மகளுக்காக. அவளுடைய மாமனாரிடம், அதாவது என் சம்பந்தியிடம், ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டு முடிப்பதற்குள் அரை வருஷம் ஓடிவிட்டது.

மகளும் மாப்பிள்ளையும் பீளமேட்டில் ஒரே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. மூன்று வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். சம்பந்தி ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்தவர். மனைவி தவறிய பிறகு வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகன் வீட்டோடு கோவைக்கு வந்தவர். பேரன் தூங்குவது அவர் கட்டிலில். அவர் ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். ஜெர்மனி என்று மாப்பிள்ளை பேச்சை எடுத்ததும் "பாக்கலாம்" என்றாராம். எங்கள் பக்கத்தில் முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்வதற்கு அதுதான் வார்த்தை. இன்னொரு தடவை கேட்டதற்குச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாராம். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் நான் கிளம்ப மாட்டேன் என்று மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டார்.

மகள் என்னிடம் வந்தாள். "ஏனுங்ப்பா, நீங்க கேளுங்க. நீங்க கேட்டா மாமா மாட்டேன்னு சொல்ல மாட்டாருங்க."

அவள் சொன்னது சரிதான். பெற்ற மகன் கேட்டால் தட்டிக் கழிக்கலாம். சம்பந்தி வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை. கல்யாணத்தின்போது இதை நான் அனுபவித்திருக்கிறேன். பீளமேட்டில் மண்டபம் பேசி, பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. சம்பந்தி வந்து காபி குடித்துவிட்டு, "பவானிக் கூடுதுறையில வெச்சா நல்லா இருக்குமுங்க, எங்கூட்டுல எல்லாருக்கும் அங்கதான் நடந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் பக்கத்து ஜனம் மொத்தத்தையும் பஸ் பிடித்துப் பவானிக்குக் கூட்டிப்போனேன். வாய் பேசாமல் கூட்டிப்போனேன்.

அதனால்தான் எனக்குத் தயக்கம். கேட்டால் அவர் சரி சொல்லித்தான் ஆக வேண்டும். அது கேட்பது ஆகாது, கையை முறுக்கிப் பிடுங்குவது. ஆனாலும் மகள் முகத்தைப் பார்த்தால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனதைத் தேற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோல்ஃப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. ஏறுங்க, போயிட்டே பேசலாமுங்க" என்றார். போகும் வழியெல்லாம் மேம்பால வேலையைப் பற்றியே பேசினார். இறங்கியதும் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டார். மட்டை என்று சொல்லக் கூடாதாம், கிளப்.

மண்வெட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். வேறு எப்படிப் பிடிக்கத் தெரியும்? இடக்கை மேலே, வலக்கை கீழே, வலக்கையின் சுண்டுவிரல் இடக்கை ஆள்காட்டி விரலின் மேல் ஏறி உட்கார வேண்டும், இரண்டு கையையும் ஒரே கையாக ஆக்கும் பூட்டே அந்த விரல்தான் என்றார். எனக்கு வலக்கையில் சுண்டுவிரல் கிடையாது. வாலிபத்தில், சொந்தப் பட்டறை போடுவதற்கு முன்னால், பவர் பிரஸ்ஸில் மோட்டார் தகடு அடித்துக்கொண்டிருந்தபோது போனது. கோவையில் பட்டறைக்காரன் கையில் பத்து விரலும் இருந்தால்தான் ஆச்சரியம். அவரும் அந்தக் கையைப் பிடித்துத்தானே சம்பந்தம் பேசினார், பார்க்காமலா இருந்திருப்பார்? ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதை.

"அதுக்குன்னே ஒரு சாமான் இருக்குதுங்க, வாங்கிப்போடலாம்" என்றார்.

அடுத்த வாரம் அந்தச் சாமான் வந்துவிட்டது. கறுப்பு ரப்பரில் ஒரு கைப்பிடி. விரல் விரலாகப் பள்ளம் விட்டு வார்த்திருந்தார்கள். கிளப்பின் மேல் மாட்டிக்கொண்டு அந்தந்தப் பள்ளத்தில் அந்தந்த விரலை வைத்துவிட்டால் பிடி தானாகச் சரியாக அமையும். பழகப் பழகக் கை அந்த அமைப்பை மறக்காதாம். ரப்பர் வாத்தியார் என்று நான் பேர் வைத்தேன். அந்த வாத்தியாருக்கு என் கை பிடிபடவில்லை. பூட்டு விரல் இல்லாததால் அடிக்கும்போதெல்லாம் வலக்கை கீழே வழுக்கியது. பந்து பக்கவாட்டில் புதருக்குள் போனது.

நான் பந்தைப் பார்க்கவில்லை. எப்போது பேச்சை எடுக்கலாம் என்று அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சம்பந்தி, ஒரு விசயம் பேசோணுமுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் உடனே என் கட்டைவிரலைப் பிடித்து நகர்த்தினார். "இது கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கோணுமுங்க. மொதல்ல இது சரியாகட்டும்" என்றார். அது சரியானதும் மணிக்கட்டு. மணிக்கட்டு சரியானதும் வெயில் ஏறிவிட்டது, பேரன் எழுந்திருப்பான் என்று கிளம்பிவிட்டார்.

இப்படியே வாரங்கள் போயின. மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்று வந்தது. கை தப்பாக மடங்கினால் அது டக்கென்று சத்தம் போடும். என் கையில் அது ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் இரண்டு கையையும் கிளப்போடு சேர்த்துச் சுற்றி ஒட்டுகிற ஒரு வார். வழுக்காமல் இருப்பதற்காம். அதைக் கட்டிவிட்டு, "இப்படியே கொஞ்சம் நில்லுங்க, கை பழகோணும், டீ வாங்கிட்டு வாரேன்" என்று போய்விட்டார். கை இரண்டும் கட்டுண்டு, மூக்கு அரித்தால் சொறிய வழியில்லாமல் வெயிலில் நின்றேன். போலீஸ்காரன் பிடித்து வைத்த திருடன்கூட இன்னும் கொஞ்சம் கௌரவமாக நின்றிருப்பான். டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, கட்டை அவிழ்க்காமலே பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவன் புதிதாக ரயில் வரைகிறானாம். எல்லா ரயிலும் ஈரோட்டுக்குத்தான் போகிறதாம். சொல்லும்போது அந்த மனுஷர் முகம் மலர்ந்துபோயிற்று. டீ ஆறிப்போனது. அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி விட்டபாடில்லை. "ஏனுங்க, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? ஒரு வார்த்த கேக்கறதுக்கு இத்தன நாளா? புள்ள பாவமுங்க" என்பாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள். எனக்குத் தோள்பட்டை வலியில் தூக்கம் வராது. சலித்துப்போய்விட்டது. கோல்ஃபும் சலித்தது, மரியாதையும் சலித்தது, இந்தப் பக்கம் மகள் அந்தப் பக்கம் சம்பந்தி என்று நடுவில் கிடப்பதும் சலித்தது.

ஜெர்மன் கம்பெனியில் இனிமேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்ல வந்த மகள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டில் வைத்த தோசையைப் பிய்த்துக்கொண்டே, "உடுங்ப்பா. உங்களுக்கும் சங்கடந்தான். நான் வரலைன்னு எழுதிப்போடறேன்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படித்து, வேலைக்குப் போய், குழந்தை பெற்று, மறுபடி வேலையில் ஏறி, தானாகச் சம்பாதித்துக்கொண்ட ஒன்றை இவ்வளவு லேசாக விட்டுவிட அவளுக்கு வருமென்று நான் நினைக்கவே இல்லை. அவள் முகத்தில் என் முகத்துச் சலிப்பு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறு கண்ணு, ஞாயிறு வரைக்கும் எழுதாதே என்றேன்.

அந்த ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி காரை எடுக்கவில்லை. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிளப் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதில் புதிதாக ஒரு ரப்பர் பிடி. கடையில் வாங்கியது இல்லை. கணபதி ஏரியாவில் பம்பு செட்டுக்கு ரப்பர் வாஷர் வார்க்கிற ஒருத்தரிடம் சொல்லிச் செய்தாராம். "புடிச்சுப் பாருங்க" என்றார்.

பிடித்தேன். ஒன்பது விரலுக்குத்தான் பள்ளம் இருந்தது. சுண்டுவிரல் பூட்ட வேண்டிய இடத்துக்குக் கீழே ஒரு மேடு எழுப்பியிருந்தார். வலக்கையின் மோதிர விரல் அதில் முட்டி நின்றது. ஆட்டிப் பார்த்தேன், கை வழுக்கவில்லை. என் கைக்கென்று அளவெடுத்துச் செய்தது. எப்போது அளவெடுத்தார் என்று யோசித்தேன். கையைக் கட்டிப்போட்டு நிற்கவைத்த அந்த நாட்களில் பார்த்திருக்கிறார். அத்தனை வருஷம் பார்க்காத மாதிரி இருந்த, விரல் இல்லாத அந்த இடத்தை.

"சரியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப இனி நான் சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்லீங்க" என்றார். வாசல் கேட் பக்கம் பார்த்தார். "கேளுங்க சம்பந்தி."

நான் கிளப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்க எதுக்கு வாரீங்கன்னு மொத நாளே தெரியுமுங்க. நீங்க கேட்டுப்போட்டீங்கன்னா நான் சரீன்னு சொல்லோணும். அதனாலதான் கேக்க உடாம, கட்டைவிரலு மணிக்கட்டுன்னு ஓட்டிட்டு இருந்தனுங்க. நீங்களும் பாவம், கால் வலியோட நின்னீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது, என்னைப் போலவே. "நேத்து உங்க புள்ள சாப்பிடாமப் படுத்திருச்சுங்க. அதுக்கு மேல நான் இழுத்தா நல்லாருக்காது. கேளுங்க, நீங்க கேட்டு நான் உட்டதா இருக்கட்டும்."

கேட்டேன். குழந்தைகளைச் சந்தோஷமாக அனுப்பி வைக்க வேண்டும் என்று கேட்டேன். கையில் அந்தக் கிளப்பைப் பிடித்தபடியே கேட்டேன், கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. "சரீங்க" என்றார். அப்புறம், தானும் ஒன்று கேட்க வேண்டும் என்றார். மறுக்க முடியுமா? கிளம்புகிற அன்றைக்கு விமான நிலையத்துக்குத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்றார். "என்னால முடியாதுங்க. பையன் கேட்டா, தாத்தா கோல்ஃப் ஆடப் போயிருக்காருன்னு சொல்லிப்போடுங்க."

நாங்கள் வழியனுப்பப் போனோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மாப்பிள்ளை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் பெட்டி தள்ளுகிற வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா எங்க?" என்றான். "கோல்ஃப் ஆடப் போயிருக்காரு சாமி" என்றேன். ஓ என்றான். வண்டியைத் தள்ளச் சொன்னான். வேகமாகத் தள்ளச் சொன்னான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்வரை சிரித்துக்கொண்டேதான் போனான். மூன்று வயதுக் குழந்தை, விமானம் பார்க்கப் போகிறது, வேறு என்ன செய்யும்?

மனைவி காரில் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் வெளியே நின்றிருந்தேன். போன் அடித்தது. சம்பந்தி.

"உள்ள போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"பையன் கேட்டானுங்களா?"

"கேட்டானுங்க. நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன்."

போனில் அவருக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார். "அழுதானுங்களா?"

சம்பந்தி கேட்கிறார். நான் என்ன சொல்ல முடியும்?

"அழுதானுங்க" என்றேன். "ரொம்ப அழுதானுங்க சம்பந்தி. தாத்தா வேணுமுன்னு அழுதான். தூக்கிட்டுத்தான் போனாங்க."

"சரீங்க" என்றார்.