செயினில் சிக்கிய தாள்

சகாயம் அண்ணா, விழுந்து கிடந்த உன் பைக்கைப் பிரித்துக் கழுவியவரை நினைத்தால் எனக்கு இப்போதும் குமட்டுகிறது.

பூப்பாறையில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். பேர் கேட்கவில்லை. தலைமுடியில்கூட கருப்பு எண்ணெய். மண்ணெண்ணெய்ச் சட்டியில் செயினைத் தேய்த்த கையோடு பழம்பொரியைப் பிய்த்துத் தின்றார், விரலையும் நக்கினார்.

"கை கழுவமாட்டீங்களா அண்ணாச்சி?"

"இது கழுவுன கைதான் பிள்ள."

நீ குடித்துவிட்டுத்தான் வளைவில் விழுந்து செத்தாய் என்று கோயிலில் பேசினார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா ஜெபமாலைக்குப் போவதில்லை.

"பிள்ள, இங்க வா."

பின் சக்கரத்துப் பல்லில் கிரீஸும் சேறும் கட்டியாக அப்பியிருந்தன. அதற்குள்ளிருந்து அவர் எதையோ உருவினார். ஏலக்காட்டில் மழைக்கு இடுப்பில் கட்டுவோமே, அந்தப் பிளாஸ்டிக் தாள்.

"உங்கண்ணன் இத அவுக்காமலே வண்டி எடுத்திருக்கான். செயின் இழுத்துருச்சு. குடிச்சு விழல."

"கழுவித் தாங்க அண்ணாச்சி, அம்மாகிட்ட காட்டணும்."

"இத மட்டும் கழுவமாட்டேன். கழுவுனா, கடையில வாங்கிட்டு வந்து காட்டுறாங்கன்னு சொல்லுவானுவ."

வழவழவென்று நாறிய அந்தத் தாளை வெறும் கையில் வாங்கினேன். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த விரல்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அப்படியே கோயிலுக்குப் போய் எல்லார் முன்னாலும் விரித்துப் பிடித்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அவர்களிடம் சொன்னேன்:

என் அண்ணன் குடித்துச் சாகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அப்படி நினைத்து எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.